ஊர் நினைப்பும் வட்டிக்கடைக் கணக்கும்

போன வருடம் ஒரு சிறுகதை எழுதினேன். தாத்தா வீட்டுத் திண்ணை, கிணற்றடி, மாட்டுக் கொட்டகை, சாயங்காலம் மணியடித்துக்கொண்டு வரும் ஐஸ்காரர் என்று எல்லாமே அதில் இருந்தன. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். படித்துப் பார்த்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, அந்த ஊர்ல நீங்க மொத்தமா எத்தனை நாள் இருந்திருப்பீங்க?"

கணக்குப் போட்டேன். ஐந்து வயதில் சிங்கப்பூர் வந்தவன். பள்ளி விடுமுறைகள், இரண்டு கல்யாணம், ஒரு சாவு. பன்னிரண்டு வாரம் தேறினால் அதிகம். புக்கிட் பாஞ்சாங்கில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

கதையை மூடி வைத்துவிட்டு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை மறுபடியும் எடுத்தேன். பல்கலைக்கழகத்தில் முதல் தடவை படித்தபோது எனக்கு அது போர் நாவல். ஜப்பானியப் படை மேடான் நகருக்குள் நுழைவது, தொங்கானில் பினாங்குக்குக் கடல் கடப்பது, புயல், இந்திய தேசிய ராணுவம் என்று அந்த வேகத்திலேயே போய்விட்டேன். நடுநடுவே பாண்டியன் சின்னமங்கலத்தையும் மதுரையையும் நினைத்துக்கொள்ளும் பக்கங்களை, பொய் சொல்லக் கூடாது, தள்ளிவிட்டுத்தான் போனேன். இந்தத் தடவை அந்தப் பக்கங்களுக்காகவே படித்தேன்.

இங்கே நாம் எழுதும் ஊர் நினைப்புக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, தேக்கா, மல்லிகைப்பூ வாசனை. அந்த வாசனை பிடித்து ஊருக்குப் போவோம். அங்கே பாட்டி இருப்பார், மழை பெய்யும். திரும்பி வந்தால் சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு எரியும், கண் கலங்கும். இந்த ஊரில் யாரும் யாருக்கும் கடன்பட்டிருக்க மாட்டார்கள். யாருக்கும் வேலை வெட்டி கிடையாது. அப்புறம் ஏன் அங்கிருந்து கிளம்பி வந்தோம் என்ற கேள்வியே அந்த எழுத்துக்குள் எழாது. என் கதையும் இந்த வார்ப்பில் இறக்கியதுதான்.

சிங்காரத்தின் சின்னமங்கலம் வேறு மாதிரி. அங்கே முதலில் வந்து நிற்பது சந்தை. என்ன சரக்கு, யார் விற்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று வரிசை வரிசையாகப் போகும். பெருமூச்சுவிடும் மனசு அல்ல அது, கடைக்காரப் பையனின் மனசு. 1938இல், பதினெட்டு வயதில், மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர் சிங்காரம். அந்தத் தொழிலில் கடல் கடந்தவர்களுக்கு ஊர் திரும்புவது உணர்ச்சி சமாச்சாரம் இல்லை. மூன்று வருடக் கணக்கு என்பார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்து, தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். பகல் முழுக்கப் பேரேடு எழுதியவன் ராத்திரி ஊரை நினைத்தால் அதுவும் பேரேடு மாதிரிதானே வரும்? வேலை பர்மிட் எப்போது முடிகிறது என்று தேதி பார்த்துக்கொண்டே வாழும் இன்றைய ஆட்களுக்கு இது புரியும். இருந்தும் நம் கட்டுரைகளில் பர்மிட் வருவதில்லை, பாட்டிதான் வருகிறார்.

இன்னொன்று, நான் ரொம்ப தாமதமாகக் கவனித்தது. சின்னமங்கலத்தை நினைப்பது மேடானில் இருக்கும் பாண்டியன். ஆனால் அதை எழுதிய சிங்காரம் அப்போது மதுரையில் இருக்கிறார். போர் முடிந்து திரும்பி, தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாளாகத் தங்கியிருந்தவர். பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தது மேடானில். அதன் பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மதுரையில் உட்கார்ந்துகொண்டு, மேடானில் உட்கார்ந்து மதுரையை நினைப்பவனை எழுதுகிறார். அப்படியென்றால் ஏக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறது? கெர்க் ஸ்ட்ராட் என்று டச்சுப் பெயரோடு ஒரு தெருவைச் சொல்லும்போதும், மலாய்ச் சொற்களைப் போட்டுக்கொண்டு போகும்போதும், சின்னமங்கலச் சந்தைக்குக் கொடுத்த அதே கவனத்தைத்தான் அந்தத் தெருக்களுக்கும் கொடுக்கிறார். அவரைப் பொறுத்தவரை இரண்டுமே இழந்த ஊர்கள். எழுதி முடித்தும் நாவல் பல வருடம் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்தது. 1972இல் வெளிவந்தபோது அந்தத் தெருக்களைப் பார்த்த ஆட்கள் மதுரையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஏக்கப்படும் அதே வாய்தான் கிண்டலும் செய்கிறது. பாண்டியனும் மாணிக்கமும் குடித்துவிட்டுத் தமிழர் பெருமையைக் கிழி கிழியென்று கிழிக்கும் பக்கங்களை வெளிநாட்டுத் தமிழ்ச் சங்க மேடையில் யாராவது வாசித்தால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். சிரிப்பு சிங்கப்பூருக்கும் புதிதில்லை. பி. கிருஷ்ணனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' வானொலி நாடகம் அடுக்குமாடிக்குக் குடிபோன தமிழர்களை வைத்து நம்மைச் சிரிக்க வைத்தது. ஊரை நினைத்து அழ அண்ணாசாமிக்கு நேரம் ஏது, பக்கத்து வீட்டைச் சமாளிக்கவே சரியாக இருக்கும்.

ஊர் தூரத்தில் இருக்கிறது என்று நாம் நினைப்பதே தப்போ என்று யோசிக்க வைத்தது அவருடைய முதல் நாவல், 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்'. கதை பினாங்கில் நடக்கிறது. கடைப் பையன் செல்லையாவும் முதலாளியின் மகள் மரகதமும் விரும்புகிறார்கள். துப்பாக்கி பிடித்துப் பட்டாளத்துக்குப் போய் வந்தவன் வட்டிக்கடைக்கு லாயக்கில்லை, ஆகவே மருமகனாகவும் லாயக்கில்லை என்று முதலாளி முடிவு செய்துவிடுகிறார். ஊர் முழுசாகக் கப்பலேறிப் பினாங்கு வரைக்கும் வந்து கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அது கண் முன்னால் இருந்து அதிகாரம் பண்ணும்போது ஏங்குவது எங்கே?

சிங்காரத்தோடு எனக்குச் சண்டையும் உண்டு. அவருடைய நினைவு முழுக்க ஆம்பிளை நினைவு. தெருவில் நடப்பவனுக்குத்தான் அங்கே ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு, மூன்று வருடம் காத்திருந்தவர்களுக்கு, என்ன ஞாபகம் என்று நாவல் கேட்கவில்லை. என் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் சொன்னது இது: "அந்தக் கிணத்தடிய நீ அழகா எழுதியிருக்கடா. எனக்கு அங்க பாத்திரம் தேய்ச்சதுதான் ஞாபகம். இங்க வந்தப்ப குழாயத் தெறந்தா தண்ணி வந்துச்சு பாரு, எனக்கு ஊரே மறந்துபோச்சு." வெளிநாட்டு வாழ்வு பற்றி இவ்வளவு நேர்மையான வாக்கியத்தை நான் கட்டுரைகளில் பார்த்ததில்லை.

சரி, புக்கிட் பாஞ்சாங்கை எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மலாயில் நீண்ட குன்று என்று அர்த்தம். 1999இல் வந்த எல்ஆர்டி எங்கள் வீவக புளோக்குகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். வீடுகளை ஒட்டிப் போகும் இடங்களில் ரயிலின் ஜன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும், உள்ளே இருப்பவர்கள் அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று. வீட்டை நெருங்கினாலே கண்ணாடி மங்கிப்போகும் வியாதி எனக்கும் இருக்கிறது. தேக்காவை எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். அது எல்லாரும் எழுதி எழுதித் தயாராக இருக்கும் இடம். ஃபஜார் ஈரச்சந்தையில் மீன் வாங்க அப்பா எந்த மொழியில் பேரம் பேசுவார் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலந்து ஏதோ ஒன்று. அதை அப்படியே எழுத்தில் போட சிங்காரத்துக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.

சின்ன வயதில் இங்கே மலாயா ரயில் ஓடியது. சுவா சூ காங் சாலையில் கேட் போட்டு வண்டிகளை நிறுத்துவார்கள். சிங்கப்பூருக்கு நடுவில் மலேசியாவின் தண்டவாளம். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு எல்லாம் நின்றுபோனது. இப்போது அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நான் நிஜமாகவே இழந்த ஊர் ஒன்று உண்டென்றால் அது இதுதான். புதுக்கோட்டைத் திண்ணை, பாவம், இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

போன வாரம் அப்பாவிடம் அந்தக் கேட்டைப் பற்றிக் கேட்டேன். "கேட் விழுந்துச்சுன்னா பஸ்ஸுக்குள்ளயே உக்காந்திருப்போம். நீ சத்தமா பெட்டிய எண்ணுவ" என்றார்.

"எத்தனை பெட்டிப்பா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "நீதானடா எண்ணுன."