திருச்சதகத்திற் பணிவும் பத்தியும்

திருவாசகத்தைப் பயில்வோருட் சிலர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பாண்டியனுக்கு அமைச்சராய் வீற்றிருந்து கல்வியாலும் அதிகாரத்தாலும் மேம்பட்ட மணிவாசகப் பெருமான், தம்மை நாயினும் கீழாக வைத்துப் பாடுவதேன்? இது புலவர் மரபுக்கேற்ற உபசார மொழியோ? தன்மதிப்பிழந்த உள்ளத்தின் தளர்ச்சியோ? இவ்விரண்டும் அன்று என்பதற்குத் திருச்சதகத்தின் அமைப்பே சான்றாகும்.

நூறு பாடல்கள் அந்தாதியாய்த் தொடரும் இப்பகுதி பத்துப் பத்துக்களாக வகுக்கப்பட்டுள்ளது. மெய்யுணர்தலில் தொடங்கி, அறிவுறுத்தல், சுட்டறுத்தல், ஆத்தும சுத்தி முதலிய படிகளைக் கடந்து ஆனந்தாதீதத்தில் அது நிறைவுறுகின்றது. பணிவு தொடக்க நிலையில் நிற்கும் சாதகனுக்கு மாத்திரம் உரியதாயின், தம்மை இழித்துரைக்கும் சொற்கள் முதற் பத்துக்களோடு ஒழிந்திருத்தல் வேண்டும். நூலிற் காண்பதோ அதற்கு மாறானது. முதற் பாட்டிலே, மெய் சிலிர்த்துக் கண்ணீர் பெருக, உள்ளம் பொய் நீங்கி இறைவனைப் போற்றுவதாக அடிகள் கூறுகின்றார். ஆனந்த பரவசம் என்னும் ஒன்பதாம் பத்தின் இறுதியிலே, அதாவது 90ஆம் பாட்டிலே, தம் நெஞ்சும் தாம் கொண்ட அன்புங்கூடப் பொய்யென ஒப்புக்கொள்கின்றார். எண்பத்தொன்பது பாடல்கள் பாடிய பின்னர் வந்த அறிவு இது.

இது பின்னடைவாகாது. செல்வத்தையும் பதவியையும் துறத்தல் அரிதெனினும் இயல்வதே. 'யான் மெய்யன்பன்' என்னும் எண்ணத்தைத் துறத்தலோ அதனினும் அரிது. பிற பற்றுக்கோடுகள் யாவும் அற்றபின் ஆணவம் பத்தியினுள்ளேயே புகுந்து ஒளித்துக்கொள்ளும். அங்கும் அதனை இனங்கண்டமையே 90ஆம் பாட்டின் சிறப்பு. தமதென்று காட்ட அன்பும் இல்லாத நிலையில், அழுகை ஒன்றே அவருக்கு எஞ்சுகின்றது. அந்தாதி முறையால் அப்பாட்டின் முடிவே ஆனந்தாதீதத்தின் முதலாகின்றது. பணிவின் எல்லையும் பேரின்பத்தின் வாயிலும் ஓரிடத்தே அமைந்திருத்தல் நோக்கற்பாலது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம், இறைவனோடு ஒன்றி அவன் பணியில் நிற்றலை மலம் நீங்கும் நெறியாகக் கூறும். சாத்திரம் வகுத்துரைத்த அந்நெறியை, அதற்கு முன்னரே அடிகளின் அநுபவத்திற் காண்கின்றோம்.

ஒரே கருத்துப் பலகால் மீண்டு வருதலாற் சதகம் சலிப்பூட்டும் என்பாரும் உளர். தனிப்பாடல்களாகப் படிப்போர்க்கு அஃது அவ்வாறு தோன்றலாம். முதலிலிருந்து முடிவுவரை தொடர்ந்து ஓதுவோர்க்கு, முன்னர் நீங்கியதாகக் கருதப்பட்ட பொய் பின்னர் மேலும் ஆழத்திற் கண்டறியப்படுதல் புலனாகும்.

வழிபாட்டு வேளையில் நாமும் 'அடியேன்' என்று எளிதிற் சொல்லிவிடுகின்றோம். சொல்லிய அளவிலே பணிவு வாய்த்துவிட்டதென ஒரு பெருமிதமும் உள்ளே எழுகின்றது. கற்றோர்க்கு இவ்விடர் பெரிது; பணிவைப் பற்றி எழுதுவோர்க்கு அதனினும் பெரிது. அப்பெருமிதத்தைத் தம்மிடத்தே கண்டு நாணுவோர்க்குத் திருச்சதகம் உற்ற துணையாகும்.