பத்தாம் தளத்து நரம்புகள்

கடலடியில் வாயுவும் நீரும் சேர்ந்து உறைந்த ஹைட்ரேட் என்றாலே, உள்ளங்கையில் வைத்த வெள்ளைக் கட்டி தீப்பற்றி எரியும் படத்தைத்தான் எல்லோரும் எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. எரிகிற துண்டு, செத்துக்கொண்டிருக்கிற துண்டு. எந்த மண்ணில், எந்தச் சாய்வில் படிந்திருந்தது என்ற சங்கதியெல்லாம் அதில் அழிந்துவிட்டது.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை, கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் பத்தாம் தளத்திலும் அதன் பக்கத்துத் துளைகளிலும் 2006-இல் எடுத்த பிரஷர் கோர்களின் எக்ஸ்-ரே படங்கள். ஜோய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் அந்த ஆண்டுப் பயணத்தில் 21 தளங்களில் துளையிட்டது. அந்தமானில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளுக்குள்ளும் ஹைட்ரேட் அகப்பட்டது. இருக்கட்டும், என் மனம் பத்தை விட்டு நகர்வதில்லை. ஆயிரம் மீட்டருக்கும் சற்று அதிகமான ஆழத்தில் கடல்தரை. அதற்குக் கீழே 128 மீட்டர் கனத்துக்கு ஹைட்ரேட் ஏறிய களிமண். கடலடி அழுத்தம் குறையாமல் அதைக் குழாய்க்குள் அடைத்து மேலே கொண்டுவந்து, திறக்காமலேயே எக்ஸ்-ரே, காமா கதிர், ஒலியலை எல்லாவற்றுக்கும் காட்டினார்கள். களிமண்ணைவிட எடை குறைந்த ஹைட்ரேட், கிட்டத்தட்டச் செங்குத்தான நரம்புகளாகத் தனியே துலங்குகிறது. ஒரு கோணத்தில் மயிரிழையாக நிற்பது, உருளையைத் திருப்பினால் தகடாக விரிகிறது. அந்தத் திருப்பத்துக்காகவே இந்தப் படங்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம்.

அகச்சிவப்புக் கேமராவின் ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஹைட்ரேட் சிதையும்போது வெப்பத்தை உறிஞ்சும். குளிர்ந்த இடத்தைப் பிடித்து உடனே அறுத்து திரவ நைட்ரஜனில் போடுவது நல்ல கைவேலைதான். சிதைந்த ஹைட்ரேட்டின் நீர் கலந்து துளைநீரில் குளோரைடு எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று கணக்கிடுவதும் அப்படியே. ஆனால் இரண்டும் போனவரின் காலடித் தடத்தைப் படிக்கிற வேலை.

“சதவீதம் தெரிந்தால் போதாதா?” என்பவர்களுக்குப் பத்தாம் தளமே பதில் வைத்திருக்கிறது. மின்தடை அளவை, அதிலிருந்து ஹைட்ரேட்டின் பங்கைக் கணிக்கும் ஆர்ச்சி சூத்திரத்தில் போட்டால், மண்ணின் துளையிடத்தில் 50 சதவீதத்துக்கு மேல், சில இடங்களில் 80 வரை ஹைட்ரேட் என்று வந்தது. பிரஷர் கோர்களோ 26-க்குக் கீழேதான் காட்டின. இடத்துக்கு இடம் வேறுபாடு கொஞ்சம் இருக்கலாம். முக்கியக் காரணம் நரம்புகளின் நிற்கிற வாகு. எல்லாத் திசையிலும் மண் ஒரே மாதிரி என்று சூத்திரம் நம்பிவிட்டது.

ராஜபாளையத்து நூல் மில்களில், எண்ணா கண்ணா என்ற இந்தத் தகராறு பழசு. கருப்புப் பலகையில் நூலைச் சுற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே குணம் சொன்ன மாஸ்டர்கள் இருந்தார்கள். பிறகு மெஷின் வந்து எண்ணைக் கொடுத்தது. ஒரே எண் வாங்கிய இரண்டு நூல்கள் பலகையில் வேறு வேறு முகம் காட்டியதைச் சிறுவனாக மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் நண்பர் மணல் கட்சி. “ஏன்யா, களிமண்ணுல கெடக்குற கேஸை எவன்யா எடுப்பான்?” என்பார். 2015-இல் சிக்யூ கப்பல் அதே படுகையின் மணலில் கண்ட ஹைட்ரேட்தான் அவருக்குப் பெருமை. எடுப்பதைப் பற்றியென்றால் அவர் சொல்வது சரி. மணலில் தண்ணீரும் வாயுவும் நகரும், களிமண்ணில் நகராது. பார்ப்பதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். துகள்களுக்கிடையே சமமாக நிரம்பிய மணலில் கண் எங்கே நின்று இளைப்பாறும்?

இப்போது வரும் கட்டுரைகளைப் புரட்டினால் வயிற்றெரிச்சல்தான். சலித்துக் கழுவிய மணலை ஆய்வகக் கலத்தில் திணித்து, மீத்தேனை ஏற்றி, ஹைட்ரேட் செய்துவிட்டு வரைபடம் வரைகிறார்கள். இயற்கைக் கோர் கிடைப்பது அரிது, செலவும் பெரிது என்பது தெரியும். கிடைத்த கோரின் படத்தையாவது தபால் தலை அளவுக்குச் சுருக்காமல் ஒரு முழுப் பக்கத்தில் போடலாம், பக்கத்திலேயே அளவுகோலும் எந்தக் கோணத்தில் எடுத்தது என்ற குறிப்பும் சேர்த்து.