நிக்கல் பூசிய தோட்டா: எதற்கு, எதுவரை?

அமெரிக்கக் காவலர்கள் ரிவால்வர் வைத்திருந்த காலத்தில், பலருடைய இடுப்பில் தோல் கச்சை இருக்கும். அதில் வரிசையாகத் தைத்த வளையங்கள், வளையத்துக்கு ஒரு .38 ஸ்பெஷல் தோட்டா. மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் தோட்டாவின் பித்தளைக் கூட்டை வியர்வையும் மழை ஈரமும் தோல் பதனிட்ட அமிலமும் சேர்ந்து அரிக்கும். புளிப்புப் பட்ட பித்தளைப் பாத்திரத்தில் ஏறும் அதே பச்சைக் களிம்பு இங்கும் ஏறும். அவசரத்தில் இழுத்தால் தோட்டா வளையத்தை விட்டு வராது. வந்தாலும், களிம்பு பிடித்த கூடு ரிவால்வரின் அறைக்குள் முழுதாக இறங்காது. ஆபத்தான நேரத்தில் இதைவிடக் கொடிய தடங்கல் வேறில்லை. கூட்டின் மேல் நிக்கல் முலாம் பூசும் வழக்கம் காவலர்களிடம் மதிப்புப் பெற்றது இதனால்தான்.

முலாமுக்கு அடியில் இருப்பது அதே பித்தளை: ஏறத்தாழ 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். சுடும்போது கூடு விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றுச் சுருங்கிச் சுவரை விடுகிறது. 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தரத்தில் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் விரிந்து வாயுவை அடைப்பது பித்தளைதான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நிக்கல் படலம் அந்த வேலைக்கு வலு எதுவும் சேர்ப்பதில்லை.

தோல் வளையங்கள் போய், தோட்டாக்கள் பிஸ்டலின் மேகசினுக்குள் குடியேறிவிட்டன. ஆனாலும் ஸ்பியர் கோல்ட் டாட், ஃபெடரல் ஹெச்எஸ்டி போன்ற தற்காப்புத் தோட்டாக்கள் நிக்கல் பூச்சோடுதான் வருகின்றன. அதில் நியாயம் உண்டு. உடம்போடு ஒட்டி மாதக்கணக்கில் கிடக்கும் தோட்டா வியர்வையைத் தாங்க வேண்டும். நிக்கலின் கடினமான, வழவழப்பான மேற்பரப்பு அறைக்குள் எளிதாகச் சறுக்கும். மங்கிய வெளிச்சத்தில் ஸ்லைடைச் சற்றே பின்னுக்கு இழுத்துப் பார்த்தால், உள்ளே தோட்டா இருப்பதை அந்த வெண்பளபளப்பு காட்டிவிடும்.

வாங்கிய வாரமே சுட்டுத் தீர்க்கும் பயிற்சித் தோட்டாவுக்கு இவை எதுவும் தேவையில்லை. ஃபெடரல் அமெரிக்கன் ஈகிள் வெறும் பித்தளைக் கூட்டில் வருவது சரியான சிக்கனம்.

சுட்ட கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பிப் பயன்படுத்துவோரின் மேசையில் நிக்கலின் குறை வெளிப்படுகிறது. கூட்டை டை என்ற அச்சுக்குள் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதன் வாயைச் சற்று விரித்து, குண்டை உட்கார வைத்து, மறுபடி இறுக்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வாய்தான் வளைந்து நிமிர்கிறது. நிக்கல் கூட்டில் அங்கே முதலில் முலாம் உரியும், பின்பு நெடுக்காக ஒரு மயிரிழைப் பிளவு தெரியும். உரிந்த செதில் டைக்குள் சிக்கிக்கொண்டால், அதன்பின் நுழையும் ஒவ்வொரு கூட்டிலும் ஒரே இடத்தில் கீறல் விழும். வெறும் பித்தளை இன்னும் பல சுற்றுகள் பொறுமையாக உழைக்கும்.

பித்தளைக்கும் பலவீனம் உண்டு. அதன் பழைய கதை இந்தியாவில் நடந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்தில் எழும் அம்மோனியாவும், கூட்டை இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்தே அதைப் பிளந்தன என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர். கூட்டை மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வானது. முலாம் அங்கே தேவைப்படவில்லை. உலோகத்தைப் பக்குவப்படுத்தியதே போதுமானதாக இருந்தது.

நிக்கலின் பளபளப்பு தரும் அளவுமீறிய நம்பிக்கைதான் உண்மையான கவலை. இரவு வீடு திரும்பும் காவலர் துப்பாக்கியின் அறையிலிருந்து தோட்டாவை எடுக்கிறார், காலையில் அதையே மறுபடி ஏற்றுகிறார். ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு அறை வாயிலின் சரிவில் மோதுகிறது. குண்டு சிறிது சிறிதாகக் கூட்டுக்குள் இறங்குகிறது. உள்ளிடம் குறைவான 9 மி.மீ. கூட்டில் சிறு இறக்கம்கூட அழுத்தத்தை வெகுவாகக் கூட்டிவிடும். நிக்கல் முலாம் இதைத் தடுக்காது. தோட்டா மட்டும் புதிதுபோலவே மின்னும். அதனால் அறையில் ஏறி இறங்கிய தோட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்க வேண்டும். ஏறி இறங்கியது குட்டையாகத் தெரிந்தால் அது மறுபடி துப்பாக்கிக்குள் போகக் கூடாது.