ஆகோளும் களவும்: கைலாசபதியின் கிரேக்கத்தைப் புலிமான்கோம்பையிலிருந்து வாசித்தல்

ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். மூன்றும் தமிழ் பிராமியில். அதுவரை நாம் அறிந்திருந்த எழுத்துள்ள நடுகற்களுக்கு இவை பல நூற்றாண்டு மூத்தவை. கி.மு. 3ஆம், 2ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கிறார்கள். அதில் ஒரு கல் சொல்லும் சேதி இவ்வளவுதான்: பேடு என்ற ஊரின் தீயன் அந்தவன், கூடல் ஊரில் நடந்த ஆகோளில் பட்டதற்கான கல். ராஜா பெயர் இல்லை. ஆட்சியாண்டு இல்லை. குலப்பெருமை இல்லை. மாடு பிடிக்கிற சண்டையில் செத்துப்போன ஒருத்தன், அவன் பேர், அவன் ஊர், செத்த இடம். கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில் இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது. அதுதானா இது என்று கல் சொல்லவில்லை. மாட்டைக் கவரப் போனவனா, காக்கப் போனவனா, அதையும் சொல்லவில்லை.

இந்தக் கல்லை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பழைய புத்தகத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் வீரநிலைக் கவிதை பற்றி க. கைலாசபதி ஆங்கிலத்தில் எழுதி, 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட நூல். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த முனைவர் பட்ட ஆய்வின் விளைவு அது. தாம்சன் கிரேக்கப் பேராசிரியர், கம்யூனிஸ்ட். 1941இல் வந்த அவருடைய ஏஸ்கிலஸ் நூல் கிரேக்கத் துன்பியலைச் சடங்கு, இனக்குழு, வர்க்கம் என்ற தளங்களில் வைத்து வாசித்தது. அந்தப் பட்டறையிலிருந்துதான் கைலாசபதி புறநானூற்றை ஹோமருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார்.

பொதுப் புழக்கத்தில் நமக்கிருக்கும் கிரேக்கம் வேறு மாதிரியானது. யவனர் கப்பல், யவனர் மது, முல்லைப்பாட்டின் பாசறையில் அரசனுக்குக் காவல் நிற்கும் யவனர். கிரேக்கனே நமக்குக் காவல்காரனாக இருந்தான், பார் என்று மார்தட்டுவது ஒரு வகை. அவனுக்கு ஹோமர் என்றால் நமக்குக் கபிலர் என்று எடைக்கு எடை நிறுத்துவது இன்னொரு வகை. இரண்டிலும் தராசு கிரேக்கத்தின் கையில்தான். 2004இல் தமிழுக்குச் செம்மொழித் தகுதி வந்தபோதும் கிரேக்கத்தையும் லத்தீனையும்தான் சாட்சிக்குக் கூப்பிட்டோம். கைலாசபதி இந்த நற்சான்று அரசியலுக்குள் போகவில்லை. ஒரே மாதிரிச் சமூக நிலையில் ஒரே மாதிரிக் கவிதை பிறக்கும் என்பதே அவர் வாதம். கொடுக்கும் தலைவன், பெறும் பாணன், வாயால் பாடத் தோதாகத் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியப் பாடகர்களைக் கேட்டு ஹோமரை நோக்கிப் போன வழியில் இவர் புறநானூற்றை நோக்கிப் போனார். சங்க காலம் என்ற பொற்காலப் பிம்பம் அங்கே உடைந்தது. அந்த உடைப்புக்காக இன்றும் அவரை வாசிக்கத்தான் வேண்டும்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வீரயுகம் என்ற வகைமைக்குள் போனதும் வீரன் யார்? பாடப்பட்டவன். பாடப்படுகிறவன் பெரும்பாலும் வேந்தனாகவோ குறுநிலத் தலைவனாகவோ இருக்கிறான். பாணனுக்குக் கொடுக்க முடிந்தவன்தானே அவன். ஹோமரிடமும் இதே கதைதான். இலியட்டின் இரண்டாம் காண்டத்தில் தெர்சிடீஸ் என்ற ஒருத்தன் படைக்கூட்டத்தில் எழுந்து நின்று, கொள்ளையில் பெரும்பங்கை அகமெம்னன் எடுத்துக்கொள்கிறான், நாம் எதற்காகச் சாக வேண்டும் என்று கேட்டுவிடுகிறான். ஒடீசியஸ் செங்கோலாலேயே அவன் முதுகில் அடிக்கிறான். படை சிரிக்கிறது. கவிதையும் சேர்ந்து சிரிக்கிறது. கூன், வழுக்கை, கோணல் கால் என்று அவன் உடம்பையே ஒரு கேலியாக்கி வைத்திருக்கிறது பிரதி. காவியம் என்ற வடிவத்துக்குள் தெர்சிடீஸுக்குக் கிடைப்பது இந்த இடம்தான்.

தீயன் அந்தவன் தெர்சிடீஸ் அல்ல. ஆனால் அகமெம்னனும் அல்ல. பாணன் கண்ணில் பட்டானோ இல்லையோ, கல் கிடைத்திருக்கிறது. வீரயுகச் சித்திரத்தில் இவனை எங்கே உட்கார வைப்பது?

எழுத்தைப் பற்றிய பிரச்சினையும் இதோடு வருகிறது. வாய்மொழி மரபை நிறுவும் வேகத்தில் கைலாசபதியின் நூலில் எழுத்தின் இடம் மங்கலாகிவிடுகிறது. 2001இல் ஹெர்மன் டீக்கன் நேரெதிர்த் திசையில் போனார். சங்கப் பாடல்கள் பிற்காலத்துச் செய்யுள், அதன் வாய்மொழித் தோற்றம் ஒரு பாவனை என்றார். புலிமான்கோம்பை இருவருக்கும் சங்கடம். தொல்காப்பியம் வெட்சித் திணையில் வைத்திருக்கும் ஆகோள் என்ற அதே சொல், ஏதோ ஒரு மேய்ச்சல் நிலத்தூர்க்காரனின் சாவுக் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆக வெட்சி என்பது புலவன் உட்கார்ந்து புனைந்த துறை மட்டுமல்ல. அகநானூற்றின் 67, 131ஆம் பாடல்கள், வழியோர நடுகற்களில் வீரனுடைய பெயரையும் பெருமையையும் எழுதியிருப்பதைச் சொல்கின்றன. அதைக் கவிக்கூற்று என்று தள்ளிவிட முடியாதபடி இப்போது கல்லே எழுந்து நிற்கிறது.

இங்கே கிரேக்கம் நமக்கு வேறொரு விதத்தில் உதவுகிறது. மைசீனிய அரண்மனைகளில் எழுத்து இருந்தது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த லீனியர் பி எழுத்தைப் படித்துக் காட்டியபோது காவியம் எதுவும் கிடைக்கவில்லை. ஆட்டுக் கணக்கு, மாட்டுக் கணக்கு, வேலைக்காரப் பெண்களுக்குப் படியளந்த கணக்கு. உழவு மாடுகளின் பெயர்கூட நாசஸ் பலகைகளில் இருக்கிறது. அரண்மனை அழிந்ததும் அந்த எழுத்தும் அழிந்தது. சில நூற்றாண்டுகள் கழித்துப் புது எழுத்து வந்தபோது அது கணக்கப்பிள்ளை கையிலிருந்து வரவில்லை. ஏதென்ஸில் கிடைத்த ஒரு மதுக்குடுவை, கி.மு. 740 வாக்கில், ஆட்டக்காரர்களில் நன்றாக ஆடுகிறவனுக்குப் பரிசு என்று கீறி வைத்திருக்கிறது. குடுவையில், கிண்ணத்தில், கல்லறையில். வைகைக் கரையிலும் அப்படித்தான். கீழடிப் பானை ஓட்டில் ஆள் பேர், புலிமான்கோம்பையில் செத்தவன் பேர். அரசனின் ஆணை கல்லேறுவதற்கு முன்பே சாமானியனின் பேர் கல்லேறியிருக்கிறது. ஹோமரோடு கபிலரை ஒப்பிடுவதைவிட இந்தக் குடுவையோடு இந்தக் கல்லை ஒப்பிடுவது நமக்கு அதிகம் சொல்லும் என்று நினைக்கிறேன். எழுத்து யார் கையில் இருந்தது என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

சரி, ஆகோளுக்கு வருவோம். கிரேக்கனிடம் இது உண்டா? நிறைய உண்டு. இலியட்டின் பதினோராம் காண்டத்தில் கிழவன் நெஸ்டர் தன் இளமையை நினைத்து ஒரு கதை சொல்கிறான். எலிஸ் நாட்டுக்காரர்களிடமிருந்து ஐம்பது மந்தை மாடு, ஐம்பது மந்தை ஆடு, அதே அளவு பன்றி, வெள்ளாடு, போதாததற்கு 150 குதிரைகள், எல்லாவற்றையும் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிவந்தானாம். மாட்டைக் காக்க எதிர்த்து நின்ற இட்டிமோனியஸ் என்பவனைக் கொன்றானாம். பார்த்து அப்பன் பூரித்துப்போனானாம். நெஸ்டர் நின்றது வெட்சியில், இட்டிமோனியஸ் செத்தது கரந்தையில். ஒடீசியஸின் தாய்வழிப் பாட்டன் ஆட்டோலைக்கஸ் திருட்டிலும் பொய்ச்சத்தியத்திலும் மனிதர் எல்லாரையும் மிஞ்சியவன் என்று ஒடீசி பெருமையாகவே சொல்கிறது. அந்த வரத்தைக் கொடுத்தவன் ஹெர்மஸ் தெய்வம். அந்தத் தெய்வமோ பிறந்த அன்றே அப்போலோவின் மாடுகளில் ஐம்பதைக் களவாடியவன்.

இதைப் பற்றி வெட்கப்படாமல் யோசித்தவனும் ஒரு கிரேக்கன்தான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் துசிடிடீஸ் தன் வரலாற்று நூலின் தொடக்கத்தில், பழங்காலத்தில் கொள்ளை அடிப்பது இழிவாக இருக்கவில்லை, பெருமையாகவே இருந்தது என்கிறான். கிரேக்கத்தின் மேற்குப் பகுதியில் சில மக்கள் தன் காலத்திலும் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறான். அவர்கள் ரத்தம் கெட்டது என்று அவன் எழுதவில்லை. நாமும் முன்பு அப்படித்தான் இருந்தோம் என்று எழுதினான். களவை ஒரு சமூக நிலையாகப் பார்க்கும் பார்வை அது. பிறப்பின் மேல் சுமத்தும் பார்வை அல்ல.

இந்த ஹோமரையும் துசிடிடீஸையும் படித்தவர்கள்தான் நம்மை ஆள வந்தார்கள். 1855இல் இந்திய சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வு தொடங்கியபோது கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் கொடுத்த மதிப்பெண் சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் கிடையாது. தமிழ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பள்ளியில் நெஸ்டரை மனப்பாடம் செய்தவனுக்கு ஆகோள் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அதே காரியம் மதுரைச் சீமையில் நடந்தபோது அது குற்றம் ஆயிற்று. குற்றம் என்றால் ஒருத்தன் செய்த குற்றம் அல்ல, ஒரு சாதியே செய்யப் பிறந்த குற்றம். 1906இல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியர், கள்ளர்களின் மாட்டுத் திருட்டையும், களவுபோன மாட்டைத் துப்புக் கூலி வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதையும், காவல் முறையையும் விளக்கமாகவே எழுதுகிறது. அடுத்து 1911இன் குற்றப் பழங்குடிகள் சட்டம். சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர்கள் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். விரல் ரேகை பதிய வேண்டும், ஊரைத் தாண்ட ராதாரிச் சீட்டு வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. அந்தப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற சனத்தின் மேல் போலீஸ் சுட்டது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள், ஒரு பெண் உட்பட. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போக 1947 ஆயிற்று.

ஒரே செயல். ஹோமரிடம் காவியம், தொல்காப்பியத்தில் திணை, கெசட்டியரில் குற்றம். செயலுக்குப் பேர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரைப் பொறுத்தது அது வீரமா களவா என்பது. ஒப்பியல் ஆய்வு சந்தித்திருக்க வேண்டிய இடம் இது. கைலாசபதி கிரேக்கத்தை மார்க்சியத்தின் வழியாக இங்கே கொண்டுவந்தார். அதற்கு முன்பே கிரேக்கம் சிவில் சர்வீசின் வழியாக வேறு வேஷத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. இந்த இரண்டாவது வருகையை அவர் நூல் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், வீரயுகம் என்ற சொல்லே யாருக்கு வழங்கப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்ற கேள்வி அந்த நூலுக்குள்ளேயே எழுந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்தவனிலிருந்து பெருங்காமநல்லூருக்கு ரத்தக்கோடு இழுக்க நான் வரவில்லை. அந்தவன் எந்தச் சாதி என்று கல் சொல்லவில்லை. இன்றைக்கு நடுகல் ஒன்று கிடைத்தால் போதும், ஆண்ட பரம்பரை என்று சுவரொட்டி அடிக்க ஆள் தயார். சட்டம் ஒரு சாதிக்குப் பிறவிக் குற்றத்தைக் கொடுத்தது. சுவரொட்டி அதே சாதிக்குப் பிறவி வீரத்தைக் கொடுக்கிறது. தர்க்கம் ஒன்றுதான், குறி மட்டும் மாறியிருக்கிறது. அந்த வீரம் பிறகு சேரிப் பக்கம்தான் திரும்புகிறது என்பது தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐரோப்பாவும் கிரேக்கத்தோடு இதைத்தான் செய்தது. எகிப்துக்கும் பினீசியாவுக்கும் கிரேக்கம் பட்ட கடனை மறைத்து, அதை ஆரிய வெள்ளை மூதாதையாக 18, 19ஆம் நூற்றாண்டுகள் கட்டமைத்ததை மார்ட்டின் பெர்னால் 1987இல் எழுதினார். அவர் சான்றுகள் பலவற்றை மறுக்கலாம், மறுத்திருக்கிறார்கள். மூதாதையைத் தேடுவது நிகழ்காலத்து அதிகாரத் தேவை என்ற அவர் கேள்வி மறுபடாமல் நிற்கிறது.

கல்லையும் புனிதமாக்கிவிட வேண்டாம். இலியட்டின் 23ஆம் காண்டத்தில் மல்யுத்தப் பரிசாக இரண்டு பொருள் வைக்கிறார்கள். வென்றவனுக்குப் பன்னிரண்டு மாடு பெறுமானமுள்ள முக்காலி. தோற்றவனுக்கு நான்கு மாடு பெறுமானமுள்ள ஒரு பெண், பல வேலை தெரிந்தவள். மாடுதான் அளவுகோல் என்றால் பெண்ணும் அந்த அளவுகோலில் ஏறிவிடுகிறாள். நம் கல்லில் அந்தவன் இருக்கிறான். அவனுக்காக அழுதவள் இல்லை. மாட்டை மேய்த்தவன் இல்லை. எழுத்தை வெட்டியவன் பேரும் இல்லை. சாமானியன் கல்லேறினான் என்று சொல்லும்போதே எந்தச் சாமானியன் ஏறவில்லை என்றும் கேட்டாக வேண்டும்.

கைலாசபதி 1982இல் இறந்தார். இந்தக் கல்லைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்திருக்கிறது. கிரேக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். நெஸ்டரையும் தெர்சிடீஸையும் தமிழில் இன்னும் நெருங்கிப் படிக்க வேண்டும், ஆண்டிபட்டியில் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். அந்தவனின் கல்லும் பெருங்காமநல்லூரின் கைரேகையும் ஒரே மலைத்தொடரின் இரண்டு பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டும் ஆளை அடையாளப்படுத்தும் குறிகள். ஒன்று ஊர்க்காரர்கள் தங்களில் ஒருத்தனுக்கு வெட்டியது, மற்றது கச்சேரியில் கையைப் பிடித்து வாங்கியது. இரண்டையும் சேர்த்துப் படிக்காத கிரேக்கப் படிப்பு நமக்கு எதற்கு?