இரண்டு சர்வர், ஒரே பைண்ட்: தொலைந்துபோகும் ரசீதுகள்

எஸ்எம்எஸ் கேட்வே கணக்கு ஒண்ணுதான் இருக்கு. டெஸ்டிங் சர்வரும் புரொடக்‌ஷன் சர்வரும் அதையே பகிர்ந்துக்கலாமா? "வேண்டாம், சோதனைச் செய்தி வாடிக்கையாளருக்குப் போயிடும்" என்பார் ஒருவர். "நம்ம டீம் நம்பர்களை மட்டும் அனுமதிச்சுட்டா தீர்ந்தது" என்பார் இன்னொருவர். இருவருமே தெருவாசலைத்தான் பார்க்கிறார்கள். கொல்லைப்புறக் கதவு திறந்து கிடக்கு.

வெளியே போகும் தவறு உடனே தெரிந்துவிடும். 2021 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் சந்தாதாரர்கள் பலருக்கு ஒரு சோதனை மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. நிறுவனமே ஒப்புக்கொண்டது, எல்லோரும் சிரித்தார்கள், முடிந்தது. உள்ளே வரும் தவறு அப்படி இல்லை. நடந்ததே யாருக்கும் தெரியாது.

எப்படி? கேட்வேயோடு பேசப் பயன்படும் எஸ்எம்பிபி ஓர் இருவழி நெறிமுறை. ஒரே சிஸ்டம் ஐடியில் இரண்டு சர்வரும் டிரான்சீவராக பைண்ட் ஆனால், கேட்வேயின் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆள். டெலிவரி ரிப்போர்ட், வாடிக்கையாளர் அனுப்பும் பதில் என்று வருவதையெல்லாம் பல கேட்வேகள் இரண்டு இணைப்புக்கும் மாற்றி மாற்றித் தள்ளும். டெஸ்டிங் சர்வர் அந்த மெசேஜ் ஐடியைத் தன் டேட்டாபேஸில் தேடும், இருக்காது. ஆனாலும் 'வந்துடுச்சு' என்று ஒப்புதல் அனுப்பிவிடும். கேட்வேயைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, திரும்ப அனுப்பாது. புரொடக்‌ஷனில் அந்தச் செய்தி 'பெண்டிங்' என்றே கிடக்கும்.

ரசீதாவது போகட்டும். 'ஸ்டாப்' என்று ஒருவர் அனுப்பியது டெஸ்டிங் டேட்டாபேஸில் போய் விழுந்தால்? அவருக்கு விளம்பரம் போய்க்கொண்டேதான் இருக்கும். அவர் புகார் செய்தாலும் புரொடக்‌ஷன் லாகில் ஒன்றும் இருக்காது.

வேகமும் ஒரு பிரச்சினை. நொடிக்கு இத்தனை செய்தி என்ற வரம்பு பெரும்பாலும் கணக்குக்குத்தான், சர்வருக்கு இல்லை. டெஸ்டிங்கில் யாராவது லோட் டெஸ்ட் ஓட்டினால், அந்த நேரத்தில் ஓடிபிக்காகக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

பகிர்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கு. சிமுலேட்டர் எல்லாத்தையும் காட்டாது. ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் இடத்தில் தமிழுக்கு 70தான். நீண்ட செய்தியில் ஒரு துண்டுக்கு 67. 'கொ' என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு இடம் போய்விடும். துண்டுகள் கைபேசியில் ஒழுங்காகச் சேருதான்னு நிஜப் பாதையில்தான் தெரியும். இந்தியாவில் டிஎல்டியில் பதிவு செய்த டெம்ப்ளேட்டோடு செய்தி பொருந்தலைன்னா வழியிலேயே நின்னுடும்; இதையும் அங்கேதான் பார்க்க முடியும். ஆனால் பாதையைப் பகிர்வது வேறு, அடையாளத்தைப் பகிர்வது வேறு.

டெஸ்டிங்குக்குத் தனி சிஸ்டம் ஐடி கேட்டு வாங்குவதுதான் நேரான வழி. கிடைக்கலைன்னா, கேனல் போன்ற திறமூலக் கேட்வேயை நடுவில் வைத்து, அது மட்டும் பைண்ட் ஆகட்டும். ரசீது எந்த முகவரிக்குத் திரும்பணும் என்பதை அங்கே ஒவ்வொரு செய்தியோடும் சேர்த்தே அனுப்பலாம். வாடிக்கையாளர் பதில்கள் புரொடக்‌ஷனுக்கு மட்டும் போகும்படி அமைத்துவிடலாம். டெஸ்டிங்குக்கு ஒரு வேக வரம்பும் போட்டுவிடுங்க.

ஏற்கெனவே பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் இன்னிக்கே ஒரு வேலை செய்யலாம். டெஸ்டிங் சர்வர் லாகில், தன்னிடம் இல்லாத மெசேஜ் ஐடிக்கு வந்த ரிப்போர்ட்டுகளைத் தேடுங்க. அவை புரொடக்‌ஷனுக்குப் போயிருக்க வேண்டியவை. அதோடு நிறுத்தாமல், அதே லாகில் 'ஸ்டாப்' என்ற சொல்லையும் ஒருமுறை தேடிடுங்க.