மாட்டு நிழலுக்கு வாடகை

கடன் என்றதும் நம்மில் பலருக்கும் ஒரே வரிதான் ஞாபகம் வரும். இராவணனின் கலக்கத்தைக் கடன்பட்டவனின் மனதோடு ஒப்பிடும் அந்தப் பிரபலமான வரி. பட்டிமன்ற மேடைகள் அதைக் கம்பன் தலையில் கட்டி வெகுகாலம் ஆகிவிட்டது. கம்பராமாயணத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் என் புகார் அது இல்லை. உவமை நன்றாகவே இருக்கிறது, யார் எழுதியிருந்தால் என்ன. கடன் என்றாலே நெஞ்சம் என்று அந்த ஒரு வரி நம்மைப் பழக்கிவிட்டது, அதுதான் புகார். தமிழில் கடனைப் பற்றி எழுதுகிற கை நேராக மனதுக்குப் போகிறது. அவமானம், தூக்கமின்மை, வாசலில் நிற்கும் ஆள் எல்லாம் வரும். எவ்வளவு வாங்கினான், என்ன வட்டி, எத்தனை மாதம் கட்டினான், இன்னும் எவ்வளவு நிற்கிறது என்பது மட்டும் வராது.

இதில் மொழிக்கும் பங்கு உண்டு. பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கும் வேந்தனுக்கும் ஒவ்வொரு கடன். அங்கே கடன் என்றால் கடமை. திருவள்ளுவரும் அந்தப் பொருளில் சொல்லை ஆள்கிறார். இரத்தலுக்கு இரண்டு அதிகாரம் ஒதுக்கியவர் கடன் வாங்குவதற்கு என்று தனி அதிகாரம் வைக்கவில்லை. கடமையும் வாங்கின காசும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதால், பாக்கி வைத்தவன் வெறும் பாக்கிதாரனாக நிற்க முடிவதில்லை. கடமை தவறியவனாகவும் ஆகிறான். கூனிக் குறுகுகிறவன் கணக்கைப் பார்க்க மாட்டான். வங்கிக்கு அதைவிட வசதி வேறென்ன?

புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' கதையைக் கொஞ்சம் விதிவிலக்காகச் சொல்லலாம். எழுத்தாளர் முருகதாசரின் வீட்டில் கடைக்காரருக்குத் தர வேண்டியது திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகிறது, கைக்கு வந்த சில்லறை காப்பிப் பொடிக்குப் போகிறது. அதிலே புலம்பல் இல்லை, காசு எண்ணப்படுகிறது. ஆனாலும் அது வட்டியில்லாத உலகம். அந்தத் திங்கட்கிழமை நகர்ந்து நகர்ந்து போனாலும் தொகை அப்படியே இருக்கும். செட்டியார் முறைப்பார், அவ்வளவுதான். கிரெடிட் கார்டு தள்ளிப்போடும் திங்கட்கிழமை வேறு ஜாதி.

அந்த வேறு ஜாதியைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய தமிழ்ப் பிரதி ஏலாக்குறிச்சிக்காரர் ஒருவருடையது. ஏலாக்குறிச்சிக்காரர் என்று நான்தான் சொல்கிறேன். அவர் இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி, வீரமாமுனிவர். கொள்ளிடத்துக்கு வடகரையில், திருமானூர்ப் பக்கம் இருக்கும் இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பேர் வைத்து, அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பி, நெடுங்காலம் இருந்தவர். ஊரில் கேட்டால் கோயிலைச் சொல்வார்கள், கொஞ்சம் படித்தவர்கள் தேம்பாவணியையும் சதுரகராதியையும் சொல்வார்கள். பரமார்த்த குருவை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சிரிப்புக் கதை என்று ஒதுங்கிவிட்டது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். அங்கேயும் ஒரு வேடிக்கைப் புத்தகமாகத்தான் அது போய்ச் சேர்ந்தது.

அதில் வாடகை மாட்டுக் கதை ஒன்று வரும். குரு ஏறிப்போக ஒரு மாட்டை வாடகைக்குப் பேசுகிறார்கள். நடுப்பகல் வெயில், வழியில் மரமே இல்லை. குரு சுருண்டுபோகிறார். மாட்டை நிறுத்தி, அதன் நிழலில் அவரை உட்கார வைக்கிறார்கள் சீடர்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு மாட்டுக்காரன் தனியாகக் கை நீட்டுகிறான்: நான் மாட்டை ஏறிப்போகத்தானே கொடுத்தேன், குடையாகப் பிடிக்கவா கொடுத்தேன், நிழலுக்கு வேறே வாடகை வை. பஞ்சாயத்தாகிறது. தீர்ப்புச் சொல்ல வந்தவர் தனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறார். கறி வாசனைக்குக் காசு கேட்ட சத்திரக்காரனுக்குப் பணத்தின் வாசனையை விலையாகக் கொடுத்த கதை. அதே நியாயப்படி, ஏறிப்போனதற்குக் கூலி பணம், நிழலில் இருந்ததற்குக் கூலி பணத்தின் ஓசை.

எல்லோரும் தீர்ப்பைக் கேட்டுச் சிரிக்கிறோம். நான் நிற்க விரும்புவது தீர்ப்புக்கு முன்னால், மாட்டுக்காரன் கேட்கிற அந்த நேரத்தில். நிழலில் உட்காரும்போது அவன் வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்து, எழுந்து, பயணமும் முடிந்த பிறகுதான் கேட்கிறான். நிழல் இலவசம் என்று குருவும் சீடர்களும் நினைத்திருந்த நேரத்துக்குப் பின்தேதியிட்டு வாடகை விழுகிறது.

கிரெடிட் கார்டின் 'வட்டியில்லாக் காலம்' அச்சு அசல் இந்த நிழல்தான். இன்று வாங்கினால் நாற்பது, ஐம்பது நாள் கழித்துக் கட்டலாம், வட்டி கிடையாது என்கிறார்கள். உண்மைதான், முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டினால். கொஞ்சம் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும். வட்டி கெடு தேதியிலிருந்து ஓடாது, பொருள் வாங்கிய தேதியிலிருந்து ஓடும். பாக்கி தீரும்வரை புதிதாகத் தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த அன்றைக்கே வட்டி. பழைய பாக்கியை வைத்துக்கொண்டு அதே கார்டில் மளிகை வாங்குகிறவருக்கு மாதம் முழுக்க நிழலே கிடையாது, வெயிலுக்கும் சேர்த்து வாடகை கட்டுகிறார்.

என் சித்தப்பா மகன் ஒருவனுக்கு ஏலாக்குறிச்சியில் வீடு, வேலை வெளியூரில். போன வருஷம் அவனோடு உட்கார்ந்து அவன் கார்டு ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் படித்தேன். பேங்க் பேர் வேண்டாம், எல்லாப் பேங்க்கிலும் இதே தாள்தான். "எவ்வளவுடா பாக்கி?" என்றேன். "மாசாமாசம் அஞ்சாயிரம் கரெக்டா கட்டிட்டுதான் இருக்கேன் அண்ணே" என்றான். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அந்தத் தாள் அவனுக்கு அப்படித்தான் பதில் சொல்லப் பழக்கியிருக்கிறது. முதல் பக்கத்தில் இரண்டு தொகை, மொத்தப் பாக்கி ஒன்று, 'மினிமம் டியூ' ஒன்று. சின்னத் தொகையைக் கட்டினால் அந்த மாதத்துக்கு நல்ல பிள்ளை. ஃபோன் வராது, அபராதமும் விழாது. கடமை என்கிற பழைய பொருளில் அவன் கடன் தீர்ந்துவிடுகிறது. காசு என்கிற பொருளில் அது அசைவதே இல்லை.

அசையாததை எண்ணில் பார்க்கலாம். ஒரு லட்சம் பாக்கி, மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வையுங்கள். வட்டி 3,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630, ஆக 4,130. ஐயாயிரம் கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இது நூற்றுக்கு நாலு ரூபாய் பதிமூணு காசு வட்டி. தெருவில் ஒருத்தர் மூணு வட்டிக்கு விட்டால் அவர் நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று ஊரே பேசும். அதிக வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. கார்டின் மூணரையை யாரும் 'வட்டிக்கு வாங்கினேன்' என்றுகூடச் சொல்வதில்லை. "கார்டுல போட்டேன்" என்கிறோம். "கார்டுல இன்னும் ரெண்டு லட்சம் இருக்கு" என்கிறோம், ஏதோ நாம் சேர்த்துவைத்த மாதிரி. லிமிட் என்பது அடுத்தவர் நமக்குத் தரத் தயாராக இருக்கும் கடனின் உச்சம். அதை இருப்பு என்று பேசுகிற வழக்கு எப்போது வந்ததோ, அதைப் பற்றி யாராவது ஒரு நல்ல கட்டுரை எழுத வேண்டும்.

மேலே சொன்ன பாக்கிக்கு, ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மென்ட் தொகையில் ஐந்து சதவீதம் மட்டும் கட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். பாக்கி பாதியாகக் குறைய 64 மாதம். ஐந்து வருஷத்துக்கு மேல். அதற்குள் கட்டியிருப்பது இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேலே.

இங்கே ஒரு பழைய சட்டத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1938இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தில், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு ஒரு பிரிவு உண்டு. அசலாகவோ வட்டியாகவோ, வாங்கினதைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் அந்தக் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும். நம் கணக்கில் இரண்டு லட்சம் கட்டி முடிவது ஐம்பதாவது மாதத்தில். அன்றைக்கு கார்டில் இன்னும் சுமார் 58 ஆயிரம் நிற்கும். அன்றைய மிராசுதார்களும் லேவாதேவிக்காரர்களும் அந்தச் சட்டத்தைத் திட்டித் தீர்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஆனாலும் ஓர் எல்லைக்கல் நடப்பட்டது, ஒரு கடன் எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று.

கார்டுக்கும் அப்படி ஓர் எல்லை வைக்கப் பார்த்தார்கள். 30 சதவீதத்துக்கு மேல் ஆண்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்துசெய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் ஆளுகைக்குள் வருவது என்பது ஒரு காரணம். வாடிக்கையாளர்கள் விதிமுறைகளை அறிந்தே ஏற்றுக்கொண்டவர்கள் என்பது இன்னொன்று. சட்டப்படி அது சரியாக இருக்கலாம், அதைப் பேச நான் ஆள் இல்லை. இலக்கிய வாசகனாக அந்த இரண்டாவது காரணத்தில் என் கண் நிற்கிறது. நீ வாசித்துவிட்டாய் என்கிறது தீர்ப்பு. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு பிரதிக்கு நம்மைத் தேர்ந்த வாசகர்கள் ஆக்கிவிட்டார்கள்.

சரி, வாசிப்போம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் மாதங்களுக்கோ வருஷங்களுக்கோ நீண்டு வட்டி கூடும் என்று ஓர் எச்சரிக்கை வாக்கியம் அதில் இருக்கும். ரிசர்வ் வங்கி போடச் சொன்னது. இலக்கணப் பிழை இல்லை, உண்மைப் பிழை இல்லை, பயனும் இல்லை. ஏனென்றால் அதில் எண் இல்லை. 'மாதங்களோ வருஷங்களோ' என்பதைவிட மங்கலாக ஒரு கவிஞனாலும் எழுத முடியாது. அமெரிக்காவில் 2009 கார்டு சட்டத்துக்குப் பிறகு, குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் எத்தனை வருஷம் ஆகும், மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பாய், மூன்று வருஷத்தில் முடிக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டிலும் அச்சிட்டாக வேண்டும். இங்கே '64 மாதம்' என்று ஒரு வரி அச்சாகியிருந்தால் என் தம்பி இரண்டு வருஷம் முன்னாலேயே கேட்டிருப்பான்.

கேட்ட அன்றைக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வாசிப்பு அங்கேதான் முடிந்தது. முதலில் அந்தக் கார்டைத் தொடுவதை நிறுத்தினான், பெட்ரோலுக்குக்கூட. பாக்கி இருக்கும்வரை நிழல் கிடையாது என்பது புரிந்தபின் அது கஷ்டமாக இல்லை. அடுத்தது சித்தியின் வளையல். பேங்க்கில் வைத்தால் எண்பது காசு வட்டிக்குப் பணம் கிடைக்கும் என்கிற நிலையில், அதைப் பீரோவில் பூட்டிவிட்டு நாலு ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருந்தது வீடு. காரணம் கணக்கு இல்லை, மானம். நகை அடகுக்குப் போனால் தெரிந்தவர் கண்ணில் படும், கார்டு யார் கண்ணிலும் படாது. சித்தி ரொம்ப யோசிக்கவில்லை. "நகை போனா வரும், மொதல்ல அதை முடி" என்றார். அதே ஐயாயிரத்தை மாதாமாதம் கட்டினால் நாலு ரூபாய் பதிமூணு காசில் 43 மாதத்துக்கு மேல் இழுத்திருக்கும், எண்பது காசில் 22 மாதம். நகை இல்லாதவர்களுக்குத் தனிநபர் கடனாகவோ அதே பேங்க்கின் இஎம்ஐயாகவோ மாற்றினாலும் வட்டி பெரும்பாலும் இறங்கும். ஃபோனில் ஆசை காட்டும் 'செட்டில்மென்ட்' வேறு விஷயம். அப்படி முடித்தால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகி, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும்.

வெளியே வருவதைவிட வெளியே இருப்பதுதான் பாடு. மொத்தமும் கட்டிய மறுநாள் ஆப்பில் 'அவைலபிள்' என்று இரண்டு லட்சம் பச்சையாகத் தெரியும். பலர் மறுபடி விழுவது இங்கேதான், இப்போது நகைக்கடனும் தலைமேல் இருக்க. நம் சம்மதம் இல்லாமல் லிமிட்டைக் கூட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. கார்டை மூடச் சொன்னால், பாக்கி ஏதும் இல்லாதபட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் 2022 விதிதான். தம்பிக்கு மூட மனசில்லை, ரயில் டிக்கெட் போட ஒன்று இருக்கட்டுமே என்றான். லிமிட்டை இருபதாயிரமாகக் குறைக்கலாம் என்று முடிவானது. ஆப்பைத் திறந்தோம். லிமிட்டைக் கூட்ட முதல் பக்கத்திலேயே பெரிய பட்டன் இருந்தது. குறைப்பதற்கு ஒன்றைத் தேடிக் கிடைக்கவில்லை, கஸ்டமர் கேருக்குத்தான் ஃபோன் போட வேண்டியிருந்தது. எடுத்த பெண் எல்லாம் கேட்டுக்கொண்டு, "குறைக்கணுமா சார், கூட்டணுமா?" என்று இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டார்.