இரண்டு நொடி முனகல்

சாவியைத் திருப்ப வேண்டும். ஸ்டார்ட் செய்யக் கூடாது. பெட்ரோல் டேங்குக்குள் பம்ப் இரண்டு நொடி முனகிவிட்டு அடங்கும். 1990களின் பிற்பகுதியில் வந்த செவ்ரோலே பிக்கப்பில், 5.7 லிட்டர் வோர்டெக் வி8 இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தால், கைதேர்ந்த அமெரிக்க மெக்கானிக் இந்த முனகலிலிருந்துதான் தொடங்குவார். காது பம்பில், கண் பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளில்.

முள் 60க்கும் 66க்கும் நடுவே நிற்க வேண்டும், பி.எஸ்.ஐ. கணக்கு. 55 காட்டினால், ‘ஐந்துதானே குறைவு’ என்று விட்டுவிடத் தோன்றும். இந்த இன்ஜின் விடாது. ஸ்டார்ட்டே ஆகாமல் அடம் பிடிக்கும். இதற்கு முந்தைய தலைமுறைக்கு 9 முதல் 13 போதும். அதில் த்ராட்டில் வாய்க்குள் எட்டிப் பார்த்தாலே பெட்ரோல் தெளிப்பது தெரியும். வோர்டெக்கில் எல்லாம் இன்டேக் மூடிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. நடுவில் ஒரு இன்ஜெக்டர் தொகுதி, எட்டு சிலிண்டருக்கும் எட்டு நைலான் குழாய், ஒவ்வொன்றின் நுனியிலும் ஸ்பிரிங் வைத்த குட்டி வால்வு. அழுத்தம் ஏறினால்தான் அது வாய் திறக்கும். மெக்கானிக்குகள் இதற்கு வைத்த பெயர், சிலந்தி.

வண்டியின் கம்ப்யூட்டர் பி0300 என்ற கோடை மட்டும் சொல்லும்: மிஸ்ஸிங் உண்டு, எந்த சிலிண்டர் என்று தெரியாது. அவசரக்காரர் பிளக், ஒயர் என்று வரிசையாக மாற்றி, கடைசியில் டேங்கையே இறக்கிவிடுவார். (டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் லேசுப்பட்டதில்லை, உள்ளே களிம்பு பிடித்தால் பொறி வேறு சிலிண்டருக்குத் தாவும்.) கைதேர்ந்தவரோ, பம்ப் அடங்கியபின் சும்மா காத்திருப்பார். அந்தச் சும்மாவில்தான் வித்தை இருக்கிறது. முள் மெல்ல இறங்கினால், டேங்கிலிருந்து வரும் லைனை ஒரு வால்வால் அடைப்பார். இறக்கம் நின்றால் பழி பம்ப் பக்கம்; நிற்காவிட்டால் இன்ஜின் பக்கம். முள் முதலிலேயே ஏறவில்லையா? பம்புக்குக் கரண்ட் முழுசாகப் போகிறதா என்று பார்ப்பார். துருப்பிடித்த எர்த் ஒயர் நல்ல பம்பையும் நோஞ்சானாக்கிவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது, பழி இன்ஜின் பக்கம் என்று தெரிந்தபின் இன்டேக் மூடி கழலும் கட்டம். உள்ளே எங்கு பார்த்தாலும் கரி. பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டருக்கு அடியில் மட்டும் ஒரு கையகல இடம், கசிந்த பெட்ரோல் நாள்கணக்கில் கழுவிக் கழுவி, பளிச்சென்று.